ஐந்து 'இக்பா', ஒரு அகராதி: யோருபாத் தலைச்சொல்லை எப்படி எழுதுவது?

ஒரு சொற்பட்டியலைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வாங்கி, நானே கெடுத்துவைத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். நைஜீரியாவில் சில வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர், அங்கே பழகியவர்களோடு சேர்ந்து யோருபாச் சொற்களை எக்செல்லில் தொகுத்து வந்தார். எழுத்துகளின் தலையிலும் காலிலும் என்னென்னவோ குறிகள். தேடுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் உதிர்த்தேன். அப்புறம் ஒரே மாதிரி இருந்த தலைச்சொற்களையும், அதாவது ஒவ்வொரு பதிவின் தலையிலும் நிற்கும் சொற்களையும், நீக்கினேன். பட்டியல் அழகாகச் சுருங்கியது. சுருங்கியதில் இருநூறு என்ற எண்ணும், சுரைக்குடுக்கையும், மரமேறும் கயிறும், கத்திரிக்காயும், காலமும் ஒரே வரியாகிவிட்டிருந்தன.

ஐந்துமே 'இக்பா'. நல்லவேளை, பழைய கோப்பு நண்பரிடம் பத்திரமாக இருந்தது.

இதைச் சொன்னதிலிருந்து, ஆப்பிரிக்க மொழிகளில் சின்னச் சின்னச் சொற்றொகுதி செய்கிறவர்கள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள்: தலைச்சொல்லில் தொனிக்குறி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி, போடுவதா, வேண்டாமா? போட்டால் முழுக்கவா, பாதியா? அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனின், டோகோ நாடுகளிலும் நான்கு கோடிப் பேருக்கு மேல் பேசும் யோருபாவையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பக்கத்து மொழிகளைத் தேவைப்பட்ட இடத்தில் தொட்டுக்கொள்ளலாம்.

## முதலில் மூன்று படிகள்

குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும், அதுதான் தொனி. யோருபாவில் தொனி மூன்று: கீழ், நடு, மேல். அங்கே பிள்ளைகளுக்கு இதை மேற்கத்திய இசையின் 'தோ, ரே, மி' வைத்துச் சொல்லித்தருவது வழக்கம். தோ கீழ், ரே நடு, மி மேல். நமக்கு ச, ரி, க என்றால் இன்னும் சுலபமாக இருக்கும்; ஆனாலும் அவர்கள் வழக்கத்திலேயே போவோம். நடைமுறை எழுத்தில் மேல் தொனிக்கு உயிரின் தலையில் வலப்பக்கம் ஏறும் கோடு, கீழ் தொனிக்கு வலப்பக்கம் இறங்கும் கோடு. நடுத்தொனிக்குக் குறியே கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தொல்லை தரப்போவது அதுதான்.

'இக்பா'வில் வரும் 'க்ப' (ஆங்கில எழுத்தில் gb) தமிழில் எழுதும்போது இரண்டெழுத்தாகத் தெரிகிறது. அங்கே அது ஒரே ஒலி, ஒரே எழுத்து. உதட்டையும் அண்ணத்தையும் ஒரே நேரத்தில் அடைத்துத் திறக்க வேண்டும்.

| தொனி | பொருள் |
|---|---|
| ரே-ரே | இருநூறு |
| ரே-மி | சுரைக்குடுக்கை |
| ரே-தோ | எண்ணெய்ப்பனை ஏறுகிறவர் தன்னையும் மரத்தையும் சுற்றிக் கட்டும் கயிறு |
| தோ-தோ | காலம், வேளை |
| தோ-மி | அந்த ஊர்க் கத்திரிக்காய் |

உயிரெழுத்தில் தொடங்கும் யோருபாப் பெயர்ச்சொல் மேல் தொனியில் தொடங்குவதில்லை. ஆக முதல் அசைக்கு இரண்டு வாய்ப்பு, அடுத்ததற்கு மூன்று. மொத்தம் ஆறு இருக்கையில் ஐந்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறது. இது ஏதோ தேடிப்பிடித்த அபூர்வச் சொல்லும் இல்லை. 'ஒக்கொ'வை எடுத்தால் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று நான்கு வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

ஒன்று, தேடி வருகிறவருக்குக் கிடைக்கிறதா. அவர் அந்தச் சொல்லைக் கடைப் பலகையிலோ வாட்ஸப்பிலோ பார்த்திருப்பார். அங்கே குறி இருந்திருக்காது.

இரண்டு, கிடைத்தபின் அதை வாய்விட்டுச் சரியாகச் சொல்ல முடிகிறதா.

மூன்று, தட்டச்சு, எழுத்துரு, அகரவரிசை ஆகியவற்றின் பாடு.

நான்கு, தொகுக்கிறவர்களின் உழைப்பும், அதில் தப்பு நுழையும் வாய்ப்பும்.

ஐந்தாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை: நாளைக்கு மனசு மாறினால் திரும்ப முடியுமா? குறியைக் கழற்றுவது கணினிக்கு ஒரு நொடி வேலை. அதை நான் செய்தே காட்டிவிட்டேன். கழற்றியதை மறுபடி மாட்டுவதற்கு, ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக்கொண்டு பேசுகிறவரிடம் போய் உட்கார வேண்டும். முதல் நான்கும் ஏறக்குறையச் சமமாக வந்தால், நான் இந்த ஐந்தாவதை வைத்துத்தான் முடிவு செய்வேன். எடைபோடப்போவது நான்கு வழிகளை. ஒவ்வொன்றையும் கீழே விரிவாகப் பார்ப்போம்.

| | தேடல் | உச்சரிப்பு | தொழில்நுட்பம் | உழைப்பு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|---|
| முழுக்குறி | தேடுபொறி உதவினால் சுலபம் | தெளிவு | கொஞ்சம் தொல்லை | அதிகம் | முடியும் |
| குறியில்லாத தலைச்சொல், அருகில் தொனி | மிகச் சுலபம் | தெளிவு, ஒரு படி தள்ளி | தொல்லை குறைவு | அதிகம் | முடியும் |
| குழப்பம் வரும் இடத்தில் மட்டும் குறி | நடுத்தரம் | அரைகுறை | கொஞ்சம் தொல்லை | குறைவாகத் தெரியும் | முடியாது |
| நிறுத்தற்குறியால் தொனி | சிரமம் | தெளிவு | தட்டச்சு சுலபம், மற்றதெல்லாம் வம்பு | நடுத்தரம் | முடியும் |

## முழுக்குறி

யோருபாவுக்கு இது புதுசு இல்லை. 1821-ல் அடிமையாகப் பிடிபட்டு, அடுத்த வருடம் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, சியரா லியோனில் படித்த சாமுவேல் அஜாயி குரோதர் 1843-லேயே யோருபாச் சொற்றொகுதி ஒன்றை லண்டனில் வெளியிட்டார். 1852-ல் அது இலக்கணத்தோடு விரிந்து வந்தது. எழுத்துமுறையை ஒழுங்குபடுத்த 1875-ல் லாகோஸில் ஒரு கூட்டம் நடந்தது. 1966-ல் ஒரு குழு அறிக்கை தந்தது. 1974-ல் நைஜீரிய அரசு ஒரு வடிவத்தை ஏற்றது. இத்தனை கைபட்ட எழுத்துமுறையில் தொனிக்குறிக்கு முறையான இடம் உண்டு. குரோதரின் 'அஜாயி' என்ற பெயரையே எடுங்கள்: குப்புறப் பிறந்த குழந்தைக்கு வைக்கும் பெயர் அது, தோ-தோ-மி. செய்தித்தாளில் அது வெறும் அஜாயி. அகராதியில் மூன்று குறியோடு நிற்கும். 2015-ல் தொடங்கிய யோருபாநேம் இணைய அகராதியும் பெயர்களை முழுக்குறியோடுதான் தருகிறது.

லாபம் வெளிப்படை. பார்த்தவுடன் சொல்ல வருகிறது. ஐந்து இக்பாவும் ஐந்து பதிவாக நிற்கிறது. மறைந்திருக்கும் செலவுகளைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் செலவு, அந்தக் குறியில்லாத நடுத்தொனி. முழுக்குறி அகராதியில் ஒரு சொல் குறியே இல்லாமல் நின்றால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. எல்லா அசையும் நடுத்தொனி என்பது ஒன்று. தொகுத்தவர் குறி போட மறந்துவிட்டார் என்பது இன்னொன்று. 'இக்பா' என்று மொட்டையாக நின்றால் அது இருநூறா, சோம்பேறித்தனமா? போர் என்று பொருள்படும் 'ஒகுன்' சொல்லுக்கும் இதே கதி. ஐயாயிரம் பதிவு சேர்ந்தபின் இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு மருந்து ஒன்றுதான். தலைச்சொல் எப்படி இருந்தாலும், தொனிக்கென்று தனிப் பத்தி ஒன்று வைத்து, அதில் நடுத்தொனியையும் சேர்த்து எழுத வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது செலவு, வினைச்சொல். 'வாங்கு' என்பதற்கு யோருபாவில் 'ரா', கீழ் தொனி. ஆனால் பின்னால் பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வந்தால் அதே 'ரா' நடுத்தொனிக்கு ஏறிவிடும். துணி வாங்கினான் என்னும்போது ஒன்று, தனியாகச் சொல்லும்போது இன்னொன்று. பார்ப்பதற்கான 'வொ'வும் இப்படித்தான். வாக்கியத்தில் குறியில்லாமல் கண்ட சொல்லைத் தேடி வருகிறவருக்கு, அகராதியில் குறியுள்ள சொல்தான் கிடைக்கும். இது வேறு ஏதோ என்று போய்விடுவார். தலைச்சொல்லைத் தனியாகச் சொல்லும் தொனியிலேயே வையுங்கள். கீழ் தொனி வினை ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரண வாக்கியம் கட்டாயம்.

குறி அதிகமானால் வாசிக்கும் வேகம் குறையும் என்று ஒரு வாதம் உண்டு. அது வெறும் பேச்சில்லை: கேமரூனின் ட்சாங் மொழியில் மொழியியலாளர் ஸ்டீவன் பேர்ட் செய்த சோதனை 1999-ல் வெளிவந்தது. முழுக்குறி வாசிப்பைத் தடுமாற வைத்தது, தொனியால் வரும் குழப்பத்தைத் தீர்க்கவும் உதவவில்லை. ஆனால் அது தொடர்ந்து படிக்கும் உரைநடையைப் பற்றியது. அகராதியை யாரும் கதைப்புத்தகம் மாதிரி மூச்சுவிடாமல் படிப்பதில்லை. ஒரு சொல்லில் நின்று, பார்த்து, போகிறோம். அந்த முடிவை அப்படியே அகராதிக்குத் தூக்கிவருவது சரியில்லை.

குறியைச் சிக்கனமாகப் போடுவதும் முழுக்குறியின் ஒரு வகைதான். நைஜீரியாவின் இன்னொரு மொழியான இக்போவில் மேல் தொனியை வெறுமையாக விட்டுக் கீழ் தொனிக்கு மட்டும் குறியிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதே நாட்டின் ஹௌசா மொழி அகராதிகளிலும் இப்படிச் செய்கிறார்கள். மை மிச்சமாகும், வெறுமை என்றால் என்ன என்று தெளிவாகவும் இருக்கும். ஆனால் 'மறந்ததா, மேலா' என்ற சந்தேகம் அங்கேயும் உண்டு.

## குறியில்லாத தலைச்சொல், பக்கத்தில் தொனி

கானாவின் அக்கான் மொழியிலும் ஹௌசாவிலும் அன்றாட எழுத்தில் தொனிக்குறியே கிடையாது. மக்கள் செய்தி படிக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், ஒன்றும் குடிமுழுகவில்லை. யோருபாவிலும் பெரும்பாலோர் குறியில்லாமல்தான் தட்டுகிறார்கள். ஊர் எழுதுகிற மாதிரியே தலைச்சொல்லை வைத்துவிட்டு, அடுத்து அடைப்புக்குள் தொனியைச் சொல்வது இந்த வழி. 'பாவம்' என்று ஒரே எழுத்தில் வரும் இரண்டு சொல்லை நம் அகராதிகள் எண் போட்டுப் பிரிப்பதைப் போல, இங்கேயும் இக்பா 1, இக்பா 2 என்று வரும்.

இங்கே ஒரு வேடிக்கை. யோருபாக்காரர்களின் 'துந்துன்' என்ற பேசும் முரசு, மெய்யையும் உயிரையும் விட்டுவிட்டுத் தொனியை மட்டும் அடிக்கிறது. கேட்கிறவர் அதிலேயே பழமொழியைப் புரிந்துகொள்கிறார். செய்தித்தாளோ தொனியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அச்சடிக்கிறது, அதுவும் புரிகிறது. இரண்டையும் தாங்கிப் பிடிப்பது சுற்றியுள்ள சொற்கள். முரசுகாரர் ஒற்றைச் சொல்லை அடித்துவிட்டு நிறுத்துவதில்லை, நீண்ட தொடராகத்தான் அடிக்கிறார். அகராதியின் தலைச்சொல்லுக்கு அந்தச் சுற்றமே இல்லை. தனியாக நிற்கிற சொல் அது.

அதனால் இந்த வழியில், அடைப்புக்குள் இருக்கும் தொனியை யாரும் விடக்கூடாது. வேலை அவசரத்தில் முதலில் உதிர்வது அதுதான். தலைச்சொல்லில் குறி இல்லாவிட்டாலும் பதிவு முழுசாகத் தெரிகிறது, குறை கண்ணில் படாது. இன்னொரு செலவு: அகராதியைப் பார்த்து எழுதப் பழகும் பிள்ளை, தலைச்சொல்லைத்தான் காப்பியடிக்கும், அடைப்புக்குறியை அல்ல. அடுத்த தலைமுறை குறியோடு எழுத வேண்டும் என்று ஆசைப்படும் சமூகத்துக்கு இது எதிர்வேலை.

எங்கே இது பொருத்தம்? அன்றாட எழுத்தில் குறி போடும் பழக்கம் இல்லாத மொழிக்கு, முக்கியமாக அக்கானுக்கும் ஹௌசாவுக்கும். தொனி ஆய்வு இன்னும் முடியாத மொழிக்கும் இதுவே நல்லது. எத்தனை தொனி என்பதிலேயே தொகுப்பவர்களுக்குள் சண்டை நடக்கும்போது, தலைச்சொல்லில் குறியைப் பதித்துவிட்டு வருடாவருடம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

## குழப்பம் வரும் இடத்தில் மட்டும்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நடுநிலையாக, நியாயமாகத் தெரிகிறது. கானாவிலும் டோகோவிலும் பேசப்படும் எவே மொழியில் 'நாங்கள்', 'நீங்கள்' என்பவை தொனியில் மட்டுமே வேறுபடும். அதனால் அந்த மாதிரி நாலைந்து சொற்களுக்கு மட்டும் குறி போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். உரைநடைக்கு அருமையான ஏற்பாடு.

அகராதிக்கு இது ஆகாது என்பது என் கருத்து. குழப்பம் யாருக்கு? பிறந்ததிலிருந்து பேசுகிறவருக்குக் குழப்பமே இல்லை. புதிதாகக் கற்பவருக்கு எல்லாமே குழப்பம். அப்புறம், இன்றைக்கு ஆயிரம் சொல்லில் தனித்து நிற்பது, நாளைக்கு மூவாயிரம் ஆனதும் ஜோடி சேர்ந்துவிடும். புதுச்சொல் வந்த ஒவ்வொரு தடவையும் பழைய பதிவைத் திறந்து குறி போட வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள். கடைசியில் ஒரு சொல்லில் குறி இல்லை என்றால் அது நடுத்தொனியா, குழப்பமில்லாததா, மறந்ததா என்று மூன்று சந்தேகம் மிஞ்சும். நான்காவது வருடத்தில் முழுக்குறிக்கு மாறலாம் என்றால், போடாமல் விட்ட தொனி எந்தக் கோப்பிலும் இருக்காது. அட்டவணையில் இதன் உழைப்புக்கு 'குறைவாகத் தெரியும்' என்று போட்டது இதனால்தான்.

சிறுவர் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கச் சொற்பட்டியல், பயணிகளுக்கான நாற்பது சொல் அட்டை மாதிரி, இனி வளரப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் தாராளமாகச் செய்யலாம்.

## நிறுத்தற்குறியால் தொனி

ஐவரி கோஸ்ட்டில் 1979-ல் வந்த எழுத்துமுறையில், சொல்லின் முன்னால் மேற்கோள்குறியோ சிறுகோடோ போட்டுத் தொனியைக் காட்டும் வழி பரவியது. அங்கே பேசும் 'தான்' (Dan) என்ற மொழியைப் போன்றவற்றில் தொனிகளின் எண்ணிக்கை யோருபாவைவிட அதிகம். தட்டச்சுப் பொறியில் இருக்கும் விசையை வைத்தே எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய வசதி.

இன்றைக்கு அதே வசதி வினையாகிறது. கணினி சிறுகோட்டைச் சொல்லின் பகுதியாகப் பார்ப்பதில்லை. சொல்லின் மேல் இரண்டு தரம் சொடுக்கினால் தொனி வெளியே விடுபடும். நேரான மேற்கோள்குறியை வேர்ட் வளைத்துவிடும். எக்செல், சிறுகோட்டில் தொடங்குவதைக் கணக்கு என்று நினைக்கும். இந்த முறையில் ஏற்கெனவே எழுதப் படிக்கக் கற்ற சமூகத்துக்கு அகராதி செய்கிறீர்கள் என்றால், அவர்கள் வழக்கத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை, அப்படியே போங்கள். யோருபாவுக்கு இது தேவையே இல்லை.

## நான் எதை எடுப்பேன்

யோருபா, இக்போ என்றால் முழுக்குறித் தலைச்சொல். இக்போவிலும் 'அக்வா' ஒன்றே தொனி மாற மாற அழுகை, துணி, முட்டை, கட்டில் என்று நான்காகிறது. தேடலுக்கு மட்டும் குறியில்லாத வடிவத்தைத் தனிப் பத்தியில் கணினியே தயாரித்துக்கொள்ளட்டும். தேடுபவர் மொட்டையாக 'இக்பா' என்று தட்டினால் ஐந்தும் வரிசையாக வர வேண்டும். குறியோடு தட்டினால் அந்த ஒன்று மேலே வரட்டும். அச்சு அகராதிக்கு இந்த வசதி கிடையாது. ஆனால் குறியைக் கணக்கில் எடுக்காமல் அகரவரிசைப்படுத்திவிட்டால் ஐந்து இக்பாவும் ஒரே பக்கத்தில் கூடிவிடும், தேடுகிறவர் கண்ணால் மேய்ந்து கண்டுபிடிப்பார்.

இதோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய சில்லறை விஷயங்கள் உண்டு.

காலில் வைக்கும் புள்ளியைத் தலையில் போடும் குறியோடு குழப்பாதீர்கள். அடிப்புள்ளி வைத்த எழுத்து யோருபாவில் தனி எழுத்து, அகரவரிசையில் அதற்குத் தனி இடம். 'க்ப'வும் தனி எழுத்தே. 'க' வரிசை முழுக்க முடிந்தபின்தான் வரும். சாதாரண ஆங்கில வரிசைப்படி கணினி அடுக்கினால் அது நடுவில் புகுந்துவிடும்.

பெனினில் இதே யோருபாவை வேறு மாதிரி எழுதுகிறார்கள். அங்கே 1975-ல் வந்த தேசிய எழுத்துமுறையில் அடிப்புள்ளி எழுத்துகளுக்குப் பதில் வேறு உருவ எழுத்துகள் வருகின்றன. எல்லைக்கு இரண்டு பக்கமும் படிப்பார்கள் என்றால், ஒன்றைத் தலைச்சொல்லாக வைத்து மற்றதைத் தேடலில் சேருங்கள். பழைய பைபிளில் ஊறிய பெரியவர்களுக்கும் இதே உதவி வேண்டும். 1966-க்குப் பின் 'ஐயே' என்பது 'அயே' ஆகிவிட்டது. பழைய எழுத்தில் தேடுகிறவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. வட்டார வழக்கும் அப்படித்தான்: பொது யோருபாவில் வீட்டுக்கு 'இலே', எக்கிட்டிப் பக்கம் 'உலே'. பொது வழக்குக்குத் தலைச்சொல், மற்றதற்கு ஒரு வரிப் பதிவு போட்டுப் 'பார்க்க' என்று அனுப்பலாம்.

யூனிகோடு தொல்லை நமக்கும் பழக்கமானதுதான். 'கொ'வை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. யோருபாவில் அடிப்புள்ளியும் தொனிக்குறியும் ஒரே எழுத்தில் சேரும்போது அதற்கு யூனிகோடில் ஒற்றை இடம் இல்லை. ஒருவர் புள்ளியை முதலில் தட்டுவார், இன்னொருவர் குறியை முதலில் தட்டுவார். கோப்பைச் சேமிக்கும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே மாதிரி சேமிக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாத தரவில் ஒரே சொல் இரண்டு பதிவாக நிற்கும், ஏன் என்று தெரியாமல் மண்டை காயும்.

ஒரே எழுத்துள்ள சொற்களை எந்தத் தொனி வரிசையில் அடுக்குவது என்பதற்கு ஒரே வழக்கம் கிடையாது. தோ, ரே, மி என்று கீழிருந்து மேலே போகலாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் காலம், கத்திரிக்காய், கயிறு, இருநூறு, குடுக்கை. அவர் கோப்பில் இப்போது ஐந்து பத்தி: குறியோடு தலைச்சொல், மொட்டை வடிவம், தோ-ரே-மி, பொருள், உதாரண வாக்கியம். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் வரி முழுக்கச் சிவப்பாக மாறும்படி செய்து கொடுத்தேன். நேற்றுப் பார்த்தபோது கோப்பில் பாதி சிவப்பு.